பதினோரு பேட்டி, 412 குறிகள், கோட்பாடு மட்டும் இல்லை: கிரவுண்டட் தியரி தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

வள்ளி_ரோஸ்ஹில்

வணக்கம். மொரிஷியஸில், எபெனில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பிழை தேடும் டெஸ்டராக இருக்கிறேன். பகலில் வேலை, மாலையில் பகுதிநேர முதுகலை. பிரான்ஸ் வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் சிறிய குழுக்கள் அஜைல் முறையை (வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து அடிக்கடி முடித்துக் கொடுப்பது) எப்படி நடத்துகின்றன என்பது ஆய்வேட்டுத் தலைப்பு. கிரவுண்டட் தியரியில் (தரவிலிருந்தே கோட்பாட்டைக் கட்டும் ஆய்வு முறை) செய் என்று சொன்னது வழிகாட்டிதான்.

ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பதினோரு பேரைப் பேட்டி எடுத்தேன். (புயல் எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்குப் போனதில் ஒன்று தள்ளிப்போனது.) எல்லோரும் பெரும்பாலும் தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான் பேசினார்கள், நடுநடுவே பிரெஞ்சு. ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டேன். எல்லாம் முடிந்த பிறகு ஏப்ரலில் உட்கார்ந்து குறியிட (பேட்டியின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வைப்பது, ஆங்கிலத்தில் கோட்) ஆரம்பித்தேன். வாடிக்கையாளர் அழுத்தம், தகவல் இடைவெளி, தேவை மாற்றம், நேரப் பற்றாக்குறை... இப்படி 412 குறிகள். வண்ண வண்ணமாக வரைபடமும் போட்டேன்.

வழிகாட்டி பத்து நிமிடம் புரட்டிப் பார்த்துவிட்டு, "பட்டியல் நன்றாக இருக்கிறது. கோட்பாடு எங்கே?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னும் பத்துப் பேட்டி எடுத்தால் சரியாகிவிடுமா? தீபாவளிக்கு முன் முழு வரைவு கொடுக்க வேண்டும்.

எண்கணக்கன்

பதினோரு பேரிடம் பேசியதை வைத்துக் கோட்பாடா? ஒரு நல்ல கேள்வித்தாள் போட்டு இருநூறு பேருக்கு அனுப்புங்கள், இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். மற்றபடி இது டீக்கடைப் பேச்சைத் தட்டச்சு செய்த மாதிரிதான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நள்ளிரவு_டிப்ளாய்

முதலில் "412 கோட்" என்று படித்துவிட்டு, இவ்வளவு சின்ன ப்ராஜெக்டா என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது.

டர்பன்_குறிப்பேடு

வள்ளி, பதறாதீர்கள். முனைவர் பட்டத்துக்கு இதே முறையோடு நான்கு வருடம் மாரடித்தவள் நான். முதல் வருடம் நானும் இதே தவறைத்தான் செய்தேன்.

இந்த முறை பிறந்த இடத்தைப் பார்த்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். 1960களில் பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்து மருத்துவமனைகளில் மரணத் தறுவாயில் இருந்த நோயாளிகளையும் அவர்களைச் சுற்றியிருந்த நர்ஸ்களையும் டாக்டர்களையும் கவனித்தார்கள். நிரூபிக்க வேண்டிய கருதுகோள் எதையும் மடியில் கட்டிக்கொண்டு போகவில்லை. ஒரு வார்டில் பார்த்ததுதான் அடுத்து எந்த வார்டுக்குப் போவது என்பதைத் தீர்மானித்தது. குறைமாதக் குழந்தைகள் பிரிவில் நோயாளிக்கு எதுவும் தெரியாது. புற்றுநோய்ப் பிரிவில் தெரிந்தவர்களும் இருப்பார்கள், தெரியாதவர்களும் இருப்பார்கள். அவசரப் பிரிவில் மரணம் சட்டென்று வரும், மற்ற இடத்தில் மெதுவாக. வேறுபாடு எங்கே கிடைக்குமோ அங்கே போனார்கள். 1967இல்தான் அந்த வழியைத் தனியாக எழுதி வைத்தார்கள்.

நீங்களோ பதினோரு பேரை முன்கூட்டியே முடிவு செய்து, எல்லாப் பேட்டியையும் முடித்துவிட்டுப் பிறகு யோசிக்க உட்கார்ந்திருக்கிறீர்கள். அறுவடையெல்லாம் முடிந்த பிறகு என்ன விதைக்கலாம் என்று கேட்ட கதை. முதல் பேட்டி முடிந்த அன்றே குறியிட்டு, அதில் எழுந்த கேள்வியை இரண்டாவது பேட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். இதே மாதிரி இன்னும் பத்து எடுத்தால் 412 என்பது 700 ஆகும், வேறொன்றும் நடக்காது.

இன்னொன்று, உங்கள் குறிகள் எல்லாம் பெயர்ச்சொற்கள். "தகவல் இடைவெளி" என்பது எந்த அஜைல் பயிற்சி வகுப்பிலும் கிடைக்கும். உங்கள் ஆட்கள் சொன்னதா அது? யாரோ ஒருவர் எதையோ செய்கிறார் அல்லவா, அந்தச் செயலைக் குறியுங்கள். வினையாக எழுதிப் பாருங்கள்.

உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை இது. 2016இல் ஸ்டோல், ரால்ஃப், ஃபிட்ஸ்ஜெரால்ட் மூவரும் மென்பொருள் பொறியியலில் கிரவுண்டட் தியரி செய்ததாகச் சொல்லும் 98 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார்கள். செய்முறையை விவரமாகச் சொன்னவை 16தான். மற்றவர்களில் பலர் பேட்டியைக் குறியிட்டதற்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

ஒரு பேட்டியிலிருந்து ஒரு துண்டை இங்கே போடுங்கள். அவர் பேசிய மொழியிலேயே.

வள்ளி_ரோஸ்ஹில்

அக்கா, ரொம்ப நன்றி. (எனக்கு முப்பது, அதனால் அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன். நீ என்றே சொல்லுங்கள்.)

அவர் பேசிய மொழியில் என்று கேட்டதும்தான் திக்கென்றது. எழுத்தில் பதிந்ததும் ஒலிப்பதிவை அழித்துவிட வேண்டும் என்று நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். ஐந்தை அழித்துவிட்டேன். ஆறு மீதி இருக்கிறது. அதில் ஒன்றை நேற்றிரவு திரும்பக் கேட்டேன்.

ஒரு டெவலப்பர் சொல்கிறார். காலை ஸ்டாண்டப் (தினமும் நடக்கும் சிறு கூட்டம்), திரையில் பிரான்ஸ் வாடிக்கையாளர். "இது வியாழக்கிழமைக்குள் வந்துவிடும்தானே?" என்று அவர் பிரெஞ்சில் கேட்கிறார். குழுவின் தலைவரான லீட் "பா த சூசி" என்கிறார், கவலையே வேண்டாம் என்பதுபோல. உடனே மைக்கை அணைக்கிறார். திரும்பி எங்களைப் பார்த்து "கோரெக்?" என்கிறார். இரண்டு நொடி யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் "கோரெக்" என்கிறார்.

டெவலப்பர் சொன்ன அடுத்த வரி: "அவன் அந்தக் கோரெக்கைச் சொன்ன விதத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, வியாழக்கிழமை வராது என்று."

இதை நான் ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருக்கிறேன் என்று பார்த்தேன். "பா த சூசி", கேள்வியான "கோரெக்?", பதிலான "கோரெக்", மூன்றுக்கும் "ஓகே". குறி: "காலக்கெடுவுக்கு ஒப்புதல்". மைக்கை அணைத்ததை எழுதவே இல்லை.

டர்பன்_குறிப்பேடு

வள்ளி, உன் ஆய்வேடு அந்த மைக் பொத்தானில் இருக்கிறது.

வரிவரியாக எடுத்துப் பார். கேட்டவருக்கு உடனே இசைந்துவிடுவது. ஒலியை அடைப்பது. தன் ஆட்களிடம் கேள்வி மாதிரி ஒரு கட்டளை போடுவது. மௌனமாக இருப்பது. முடியாது என்பதை "சரி" என்ற சொல்லிலேயே சொல்வது. மற்றவர்கள் அதைப் புரிந்துகொள்வது. பத்து வரிக்குள் ஆறு செயல்கள். உன் 412இல் இதில் ஒன்றாவது இருக்கிறதா?

இனி ஒப்பீடு. மீதி இருக்கும் ஒலிப்பதிவுகளில் "கோரெக்" வரும் இடங்களையெல்லாம் பொறுக்கி எடு. பக்கத்தில் பக்கத்தில் வை. இரண்டும் ஒன்றா, வேறா, எதனால் வேறு? தோன்றுவதை அப்போதே மெமோவாக (உனக்கு நீயே எழுதும் குறிப்பு) எழுது. அரைப் பக்கம் போதும், எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும். சாப்பாட்டு வேலைக்கு நடுவில் தோன்றினால் அடுப்பை அணைத்துவிட்டு எழுது. குறிகளை விட மெமோதான் பிறகு கோட்பாடாகும்.

அழித்த ஐந்தைப் பற்றி ரொம்ப வருந்தாதே. கிளேசர் கடைசிவரை பேட்டியை ஒலிப்பதிவு செய்யவே வேண்டாம் என்று சொன்னவர். கேட்டுவிட்டு வந்து களக்குறிப்பு எழுது, முக்கியமானது தானாக நினைவில் நிற்கும் என்பார். எனக்கு அது முழுக்கச் சம்மதமில்லை, உன் "கோரெக்" ஒலிப்பதிவால்தான் தப்பித்தது. ஆனாலும் அந்த ஐந்து பேரில் இரண்டு பேரிடமாவது மறுபடி போய்ப் பேசலாம். இந்த முறையில் அது தப்பே இல்லை.

மோக்கா_வாத்தியார்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குக் கணினி தெரியாது, தமிழ் மட்டும்தான் தெரியும். முப்பது வருடம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன்.

கோரெக் என்பது பிரெஞ்சிலிருந்து கிரியோலுக்கு வந்த சொல். நலமா என்றாலும் கோரெக், விலை சம்மதமா என்றாலும் கோரெக், ஆள் நல்லவன் என்றாலும் கோரெக். நம் "சரி" படும் பாடுதான். சரி என்றால் சம்மதம், சரிசரி என்றால் போதும் நிறுத்து, சரி பார்க்கலாம் என்றால் நடக்காது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் "சரி, கலந்து பேசிச் சொல்கிறோம்" என்றால் அந்தத் திசையில் மறுபடி வரமாட்டார்கள். வள்ளியம்மா ஆராய்வது மென்பொருளா, மனிதர்களா?

அப்புறம், இதற்குத் தமிழில் என்ன பெயர்? களவழிக் கோட்பாடு எனலாமா?

நள்ளிரவு_டிப்ளாய்

ஐயா, மென்பொருளில் பாதி மனிதர்கள்தான். மீதிப் பாதி அவர்கள் போன வருடம் எழுதிவிட்டு வேலையை விட்டுப் போனது.

எண்கணக்கன்

டீக்கடைப் பேச்சு என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அந்த மைக் விஷயம் எந்தக் கேள்வித்தாளிலும் வந்திருக்காது. "உங்கள் குழு காலக்கெடுவை ஒப்புக்கொள்கிறதா?" என்று ஒன்று முதல் ஐந்து வரை கேட்டிருப்பேன், எல்லோரும் நான்கில் டிக் அடித்திருப்பார்கள்.

ஆனால் இரண்டு சந்தேகம் இருக்கிறது. டர்பன் அம்மா ஒரே ஒரு துண்டைப் பார்த்துவிட்டு "ஆய்வேடு இதில் இருக்கிறது" என்றார். இனி வள்ளி எங்கே பார்த்தாலும் கோரெக்தான் தெரியும். கருதுகோள் இல்லாமல் போக வேண்டும் என்று சொன்னவரே ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பலாமா?

அப்புறம், எப்போது நிறுத்துவது? "போதும் என்று தோன்றும்போது" என்றால் அது அறிவியல் இல்லை.

டர்பன்_குறிப்பேடு

முதல் அடி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

இந்தச் சண்டையில்தான் கிளேசரும் ஸ்ட்ராஸும் பிரிந்தார்கள். 1990இல் ஸ்ட்ராஸ், ஜூலியட் கார்பினோடு சேர்ந்து செய்முறையைப் படிப்படியாக எழுதினார்: காரணம் என்ன, சூழல் என்ன, விளைவு என்ன என்று ஒவ்வொரு வகைக்கும் (ஒத்த குறிகளைத் திரட்டியது) கேள் என்று ஒரு சட்டகம். கிளேசருக்குக் கோபம் வந்துவிட்டது. தரவிலிருந்து எழுவதை விட்டுவிட்டுத் தரவை அச்சில் திணிக்கிறாய் என்று 1992இல் பதிலுக்கு எழுதினார். அதற்கப்புறம் கேத்தி சார்மாஸ் வந்து, கோட்பாடு எங்கேயோ புதைந்து கிடந்து தானாக எழுவதில்லை, ஆய்வாளரும் பங்கேற்பாளரும் சேர்ந்து கட்டுவதுதான் என்றார். வள்ளி, நீ எந்தக் கட்சி என்று ஆய்வேட்டில் ஒரு பத்தியாவது எழுத வேண்டும். மூன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலந்தால் ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வாய்.

ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். அந்த மருத்துவமனை ஆய்வில் 1965இலேயே ஒரு கருத்து வந்திருக்கிறது: நோயாளிக்கும் தெரியும், நர்ஸுக்கும் தெரியும், ஆனால் தெரியாததுபோல இருவரும் நடித்துக்கொள்வார்கள். படித்தவுடன் உனக்கு "அட, நம் வியாழக்கிழமை!" என்று தோன்றும். அதை அப்படியே தூக்கி வந்து ஒட்டாதே. பிரான்ஸ்காரருக்குத் தெரியுமா தெரியாதா என்பது உன் தரவில் இன்னும் இல்லை. அதுவே ஒரு கேள்வி.

எண்கணக்கரின் இரண்டாவது சந்தேகத்துக்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. புதிய நிகழ்ச்சி வந்தும் ஒரு வகைக்குப் புதிய பண்பு எதுவும் சேரவில்லை என்றால் அந்த வகை நிறைந்துவிட்டது என்று கொள்கிறோம். 2006இல் கெஸ்ட் என்பவரும் இரண்டு பேரும் கானா, நைஜீரியாவில் எடுத்த 60 பேட்டிகளைத் திரும்ப ஆராய்ந்து, பெரும்பாலான கருத்துகள் முதல் 12க்குள்ளேயே வந்துவிட்டன என்று எழுதினார்கள். எல்லோரும் அந்த 12ஐப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். அது ஒரே மாதிரியான ஆட்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்டதில் வந்த எண். வேறுபாட்டைத் தேடிப் போகும் ஆய்வுக்கு அது பொருந்தாது.

வள்ளி, "கோரெக்" வராத இடத்தையும் தேடு. எண்கணக்கரின் முதல் சந்தேகத்துக்கு அதுதான் பதில்.

வள்ளி_ரோஸ்ஹில்

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ரிலீஸ் வேலை, கூடவே வீட்டில் காய்ச்சல்.

ஆறு ஒலிப்பதிவுகளையும் கிரியோலிலேயே திரும்ப எழுதினேன். கோரெக் வரும் இடங்களை அட்டைகளில் எழுதித் தரையில் பரப்பினேன். (மாமியார் வந்து பார்த்துவிட்டு, சீட்டுக்கட்டா என்று கேட்டார்.) முதலில் எனக்குத் தோன்றியது மொழிதான். பிரெஞ்சில் ஆமாம் சொல்லிவிட்டு, கிரியோலில் இல்லை சொல்கிறார்கள். மெமோவுக்கு "இரண்டு மொழி, இரண்டு உண்மை" என்று தலைப்பு வைத்துப் பூரித்துப்போனேன்.

அக்கா சொன்னபடி அது வராத இடத்தைத் தேடிப் போனேன். வாடிக்கையாளரும் இதே ஊர்க்காரர், எல்லோருக்கும் கிரியோல், திரையே கிடையாது, அதே கட்டடத்தில் மேல்மாடி. அப்படி ஒரு குழு. அங்கே மறைக்க மொழியும் இல்லை, அணைக்க மைக்கும் இல்லை. என் கணக்குப்படி அங்கே "முடியாது" என்று நேராகச் சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை. கூட்டத்தில் அங்கேயும் கோரெக்தான். ஆனால் மதியம் தால்பூரி வாங்கப் போகும்போது லீட் வாடிக்கையாளரின் ஆளோடு கூடவே நடந்து போகிறார். வரிசையில் நிற்கும்போது, "அந்த ரிப்போர்ட் அடுத்த மாதம்தான், தெரியும்ல?" என்கிறார். அவரும் தலையாட்டிவிடுகிறார். மறுநாள் கூட்டத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, டிக்கெட்டில் (அந்த வேலைக்கான பதிவு) தேதி மட்டும் மாறியிருக்கும்.

அப்போது எங்கள் பக்கத்தில் அந்த "இல்லை" எங்கே போகிறது என்று பார்த்தேன். பிரான்ஸ் நேரம் நமக்கு இரண்டு மணி நேரம் பின்னால், அவர்களின் குளிர்காலத்தில் மூன்று. நாங்கள் ஐந்து மணிக்குக் கிளம்பும்போது அவர்களுக்கு இன்னும் சில மணி நேரம் மிச்சம் இருக்கிறது. புதன் மாலை கிளம்பும் முன் லீட் ஒரு மெசேஜ் போடுகிறார்: "ஒரு சின்னச் சிக்கல் கண்டுபிடித்திருக்கிறோம்." அந்தச் சிக்கலைப் பெரும்பாலும் கண்டுபிடிப்பது நான்தான். டெஸ்டர்! திங்கள்கிழமையே எல்லோருக்கும் தெரிந்த விஷயம், புதன்கிழமை என் பெயரில் பிழையாகப் பதிவாகிறது. நான்கு வருடமாக இதைச் செய்துவருகிறேன், பேட்டி எடுக்கப் போகும்வரை என் கண்ணில் படவில்லை.

அதனால் மொழி மெமோவைத் தூக்கிப் போட்டேன். இப்போதைய மெமோவுக்கு "இல்லைக்கு இடம் தேடுதல்" என்று பெயர். கூட்டத்தில் இல்லை சொல்ல இடம் கிடையாது. அதனால் அது வேறு எங்கோ போய் உட்காருகிறது: மூடிய மைக், சாப்பாட்டு வரிசை, பிழைப் பட்டியல். எங்கே போகிறது என்பதைப் பொறுத்து அது வாடிக்கையாளருக்கு எவ்வளவு தாமதமாகத் தெரிகிறது என்பதும், யார் தலையில் விடிகிறது என்பதும் மாறுகிறது.

டர்பன்_குறிப்பேடு

இரண்டு தடவை படித்தேன். பிடித்த மெமோவைத் தூக்கிப் போட்டாய் பார், அங்கேதான் ஒப்பீடு வேலை செய்தது. வாத்தியார் ஐயா மொழியைப் பற்றிச் சொன்னதும் வீணாகவில்லை, அது இப்போது ஒரு பண்பு. மையம் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

இப்போது போய்ப் பழைய ஆய்வுகளைப் படி. முன்னாலேயே படித்திருந்தால் அவர்கள் சொல்லைத்தான் நீயும் சொல்லியிருப்பாய். 2011இல் ஸ்டீவ் அடோல்ஃப், வெண்டி ஹால், பிலிப் க்ருக்டன் மென்பொருள் குழுக்களை இதே முறையில் ஆராய்ந்தார்கள். ஆளுக்கு ஒன்றாக இருக்கும் பார்வைகளை இணக்கத்துக்குக் கொண்டுவருவதே வேலையின் மையம் என்று அவர்களுக்குக் கிடைத்தது. உன் ஆட்கள் இணக்கத்துக்கு வருவதைத் தள்ளிப்போடுகிறார்கள். அது முரணா, அதே செயலின் முந்தைய கட்டமா? ரஷினா ஹோடாவும் அவருடைய சகாக்களும் நியூசிலாந்து, இந்தியாவில் 58 அஜைல்காரர்களிடமிருந்து, தானாக அமையும் குழுக்களில் உருவாகும் பாத்திரங்களை எடுத்துச் சொன்னார்கள். அதில் மொழிபெயர்ப்பாளர் என்று ஒருவர் உண்டு, வியாபார மொழியையும் தொழில்நுட்ப மொழியையும் மாற்றி மாற்றிச் சொல்பவர். உன் லீட் எதை மொழிபெயர்க்காமல் விடுகிறார் என்று பார்.

எண்கணக்கன்

இப்போது எனக்கும் வேலை இருக்கிறது. இல்லை சொல்ல இடமில்லாத குழுக்களில், காலக்கெடுவுக்கு முந்தைய நாள் பதிவாகும் பிழைகள் கூடுதலாக இருக்க வேண்டும். டிக்கெட் தேதிகளை வைத்து அதை எண்ணிப் பார்த்துவிடலாம். ஆய்வேடு முடிந்ததும் சொல்லுங்கள், சேர்ந்து செய்யலாம்.

வள்ளி_ரோஸ்ஹில்

கட்டாயம் செய்யலாம் அண்ணா.

ஒரு பயம் மட்டும் பாக்கி. எங்கள் குழுவில் ஏழே பேர். பெயரை மாற்றினாலும் "ஒரு லீட், மைக்கை அணைத்தார்" என்று எழுதினால் யார் என்று எபென் முழுக்கத் தெரிந்துவிடும். தீவு சின்னது. அவர் கெட்டவரும் இல்லை, குழுவைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறார். அச்சடித்த பிறகு அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

டர்பன்_குறிப்பேடு

முடிந்தவரை நிகழ்ச்சியை விட்டுவிட்டு, வகையை எழுது. மூன்று குழுக்களில் நடந்த மூன்று நிகழ்ச்சிகளிலிருந்து எடுத்ததை ஒரே பத்தியில் சொன்னால் யாரும் யாரையும் அடையாளம் காண முடியாது. கோட்பாட்டுக்கு ஆட்கள் தேவையில்லை, செயல்தான் தேவை. நேரடி மேற்கோளை மட்டும் சம்பந்தப்பட்டவரிடம் காட்டி அனுமதி வாங்கு. வேண்டாம் என்றால் எடுத்துவிடு. இந்த இழையிலிருக்கும் அந்தத் துண்டையும் நீக்கச் சொல்லலாம்.

லீடிடம் நீயே முதலில் போய்ச் சொல்லிவிடு. அச்சுக்குப் பிறகு அல்ல.

வள்ளி_ரோஸ்ஹில்

நேற்று சொன்னேன். மெட்ரோவில் ரோஸ் ஹில் வரை கூடவே வந்தார், அப்போது. துண்டை நீக்க வேண்டாமாம், டெவலப்பரும் சம்மதித்துவிட்டார். முழுவதையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பிரான்ஸ்காரருக்குத் தெரியாது என்றா நினைக்கிறாய்? போன வருடம் இங்கே வந்திருந்தபோது விமான நிலையம் போகிற வழியில் அவரே என்னிடம் கேட்டார், 'நீங்கள் மைக்கை அணைத்தால் நான் எத்தனை நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும்?' என்று" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மெமோ எழுதிவிட்டேன். அடுத்த பேட்டி அந்தப் பிரான்ஸ்காரரோடு. லீடே நேரம் வாங்கித் தருகிறாராம், செவ்வாய் மாலை.